செல்வராஜின் விரல்

கரப்பந்தாட்டத்தைப் பற்றி என்னிடம் பேச யார் வந்தாலும், வலை, பந்து, சர்வீஸ் என்று அரைமணி நேரம் சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்.

"சேர், அன்னைக்கு நுவரெலியா பைனல்ல செல்வராஜ ஏன் நீங்க எறக்கல?"

போன மாதம் இரண்டு இளம் விளையாட்டு ஆசிரியர்கள் வந்தார்கள். இப்போதெல்லாம் பருவம் தொடங்கும்போதே ஒவ்வொரு பையனின் பிறப்புச் சான்றிதழையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். "ஆட்டம் சொல்லிக் குடுக்கறதா, கடதாசி பொறுக்கிக்கிட்டுத் திரியறதா?" என்று அலுத்துக்கொண்டார்கள். அது நல்ல ஏற்பாடு, அந்தக் காலத்தில் அது இல்லாமல்தான் என் தலை உருண்டது என்றேன். உடனே அந்தப் பழைய கேள்வியைப் போட்டார்கள். இத்தனை வருடமாக அதற்கு நான் பதில் சொன்னதில்லை. இனிமேல் சொல்லலாம் என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், வேலை செய்தார். பாதிரியார் ஒருவர் பிடித்துத் தள்ளியதில் படித்து, ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போனேன். அங்கேதான் முதன்முதலாகக் கரப்பந்தைத் தொட்டேன். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அதே வருடம் அட்டனில் ஒரு கல்லூரியில் பூமிசாத்திரம் படிப்பிக்கச் சேர்ந்தேன். எங்கள் நாட்டில் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர். ஐந்தாறு வருடத்தில் கரப்பந்தாட்டத் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அந்தப் பொறுப்பை வேறு யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன். போட்டிக்கு முதல் நாளே சாப்பாடு இறங்காமல் போய்விடும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு இஞ்சி வைத்திருப்பேன். ஸ்கோர் நெருங்கி வந்தால் பந்தைப் பார்க்க மாட்டேன், வலையின் முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். கூட்டம் போடுகிற சத்தத்தை வைத்துத்தான் புள்ளி யாருக்கு என்று தெரிந்துகொள்வேன். பையன்களுக்கு இது தெரியும். "சேர் இன்னைக்கு எத்தன முடிச்சு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

பயந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எதையும் மூன்று தரம் சரிபார்ப்பான். எட்டடி நீளத்தில் ஒரு மூங்கில் கம்பு வெட்டி வைத்திருந்தேன். வலையின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அதை நிறுத்திப் பார்ப்பேன். பையன்கள் உடற்பயிற்சி முடித்ததும் மறுபடி பார்ப்பேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் இன்னொரு தரம். ஈரத்தில் கயிறு தளரும், வெயில் வந்தால் இறுகும், மலையில் ஒரே மணி நேரத்துக்குள் இரண்டும் நடக்கும். பிறகு ஆறு பேரின் நகங்களையும் பார்ப்பேன். கடைசியாகச் சுழற்சி வரிசை. யார் எந்த இடத்தில் நிற்கிறான், சர்வீஸ் மாறும்போது யார் எங்கே நகர்கிறான் என்று ஒவ்வொருவனையும் வாய்விட்டுச் சொல்ல வைப்பேன்.

எங்கள் மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். பந்து எகிறினால் கீழே தேயிலைக்குள் போய்விடும். மழைக்காலத்தில் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் நல்ல மனிதர். கொழுந்து வாட்டும் மாடியின் ஓரத்தில் பந்தைக் காய வைக்க இடம் கொடுத்தார். எங்கள் பந்தில் எப்போதும் தேயிலை வாசம் இருக்கும். பெருமழை மாதங்களில் மூடிக்கிடந்த பழைய ஸ்டோர் ஒன்றுக்குள் பயிற்சி செய்தோம். கூரை உத்திரம் தலைக்கு மேல் மூன்று நான்கு அடிதான். பந்தை உயரத் தூக்கினால் உத்திரத்தில் மோதும். அதனால் பையன்கள் பந்தை வலைக்கு மேல் ஒரு சாண் மட்டும் தூக்கி, அது இறங்குவதற்குள் அடித்துப் பழகினார்கள். வெளியூர்க் கல்லூரிகள் அதைப் புதுவித உத்தி என்று நினைத்தன. நானும் திருத்தவில்லை.

கல்லூரித் தலைவரான எங்கள் அதிபரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. யாழ்ப்பாணத்து மனிதர். மெலிந்த உடம்பு, வெள்ளைக் கோட்டு, மெதுவான குரல். அவர் கோபப்பட்டு யாரும் கண்டதில்லை, ஆனாலும் அவர் அறைக்குள் போகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவான். எந்தக் கடிதமானாலும் கோடு போடுகிற மரத்து அடிமட்டத்தை முதல் வரியின் கீழ் வைத்துப் படிப்பார். படித்ததும் அதை ஒரு வரி இறக்குவார். கடைசி வரிக்கு வந்தபின் மறுபடி மேலே போவார். அந்த இரண்டாவது தரத்தில் அடிமட்டம் எந்த வரியில் நிற்கிறதோ அங்கேதான் நமக்கு ஆபத்து. "வாய்ச்சொல் எனக்கு விளங்காது காணும், எழுதித் தாரும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். ஒரு பந்து கிழிந்தால்கூட எழுதிக் கொடுக்க வேண்டும்.

இனி செல்வராஜ். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் முத்துக்கருப்பனின் மகன். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்து எங்கள் விடுதிக்கு வந்தவன். அதிகம் பேச மாட்டான். கால் இரண்டும் வில் மாதிரி. ஸ்டோருக்குள் அந்தத் தாழ்ந்த கூரையின் கீழ் மற்றவர்கள் கூனிக்கொண்டு அடிப்பார்கள், இவன் உத்திரத்துக்கும் வலைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மிதப்பான். நான் பார்த்த அத்தனை வருடத்தில் அவனைப் போல ஒருவனைப் பார்க்கவில்லை. அவன் அணிக்குள் வந்த பிறகுதான் எங்கள் கல்லூரி முதல் தரமாக மாகாண இறுதிப் போட்டிக்குப் போனது. ஊரே எங்களைப் பற்றிப் பேசியது. அட்டன் பஸ் நிலையத்தில் டிக்கெட் கிழிக்கிறவர்கூட "மாஸ்டர், கப்பு நமக்குத்தானே?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இறுதிப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஒரு சுற்றறிக்கை வந்தது. அரையிறுதியில் ஏதோ ஒரு கல்லூரி வயது கூடியவர்களை ஆட விட்டதாக முறைப்பாடாம். அதனால் இறுதியில் ஆடும் ஒவ்வொருவனும் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவன் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழை மேசையில் காட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு அனுப்பிப் பிறப்பு, இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். அதுவரை கல்லூரிச் சேர்வுப் பதிவேட்டைப் பார்த்து வயதை எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் போட்டேன். வலையை மூன்று தரம் அளக்கிறவன், ஒரு பையனின் சான்றிதழையாவது ஒரு தரம் கேட்டுப் பார்த்ததில்லை.

மற்றவர்கள் கொண்டுவந்து தந்துவிட்டார்கள். செல்வராஜ் மட்டும் "அப்பா தரமாட்டேங்குறாங்க சேர், நீங்களே வரணுமாம்" என்றான். சனிக்கிழமை நோட்டன் பஸ் ஏறினேன். இறங்கி மூன்று கட்டை தூரம் ஏற்றம். மழை தூறிக்கொண்டிருந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முத்துக்கருப்பன் கவ்வாத்துக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். தகரப் பெட்டியைத் திறந்து, சீட்டித் துணியில் சுற்றியிருந்த சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். தேதியைப் பார்த்தேன். கூட்டிப் பார்த்தேன். விரல் விட்டு மறுபடி எண்ணினேன்.

"முத்துக்கருப்பன், இதுபடி அவனுக்குப் பத்தொம்பது முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே?"

"இல்லீங்க மாஸ்டர். அவனுக்குப் பதினேழுதான்."

"அப்ப இது யாரோடது?"

"செல்வராசோடதுதாங்க." சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். "மூத்த செல்வராசோடது."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொதல்ல ஒருத்தன் பொறந்தாங்க. ரெண்டு வயசுகூட ஆகல, காய்ச்சல்ல போயிட்டான். அடுத்து இவன் வந்தான். அவனேதான் திரும்பி வந்துட்டான்னு அதே பேர வச்சோம். பதியணும், வாங்கன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா கூப்பிட்டாங்க. செல்வராசுக்குத்தான் கடதாசி இருக்கே ஐயா, இன்னொண்ணு என்னத்துக்குன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி ராமாயி எழுந்து வந்தார்.

"என்ன போயிட்டான், போயிட்டான்னு சொல்றீங்க? எம்புள்ள எங்க போனான்? அட்டனுல பந்தடிச்சிக்கிட்டு இருக்கான். மாஸ்டர், இந்தப் பேச்ச அவன் காதுல போட்டுறாதீங்க. அவனுக்கு மூத்தவன்னு யாரும் கெடையாது. அவனேதான் இவன்."

அந்தத் தாயோடு வாதாட என்னால் முடியுமா? நான் முத்துக்கருப்பனைப் பார்த்தேன்.

"சரி, அதுக்கென்ன, தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டருக்கு உண்மை தெரியும்தானே? அவர் ஒரு கடிதம் குடுத்தா போதும். இவன் தம்பி, பதினேழு வயசுன்னு."

அவர் பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு கடதாசியை எடுத்தார். பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச்சொல்லி வந்த அழைப்பு. அடுத்த மாதம்.

சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எங்கள் சனங்களின் பிரஜாவுரிமை போய்விட்டது. இந்த நாட்டிலேயே விடாமல் வாழ்ந்தோம், மனைவியும் பிள்ளைகளும் இங்கேதான் இருந்தார்கள் என்று நிரூபித்துக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதாக ஒரு சட்டம் வைத்தார்கள். முத்துக்கருப்பன் மனுப் போட்டுப் பத்து வருடத்துக்கு மேல். பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் அதில் எழுதியிருக்கிறது. எழுதியது பொய் என்று ஒரு வரி வெளிப்பட்டால் போதும், முழு மனுவும் தள்ளுபடி. தள்ளுபடியானால் அவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள், எப்போது வேண்டுமானாலும் கப்பலேற்றி விடலாம்.

"மூத்தவன் செத்தது பதிஞ்சிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தொர ஆபீசுல பதிஞ்சாங்கதான்." சான்றிதழை என்னிடமிருந்து வாங்கித் துணியில் சுற்றினார். "ரெண்டு கடதாசியும் கச்சேரியிலதான் கெடக்கு. இத்தன வருசமா ஒண்ண ஒண்ணு பாக்கல மாஸ்டர். பாத்துறக் கூடாதுன்னுதான் பயமா இருக்கு. அவன் ஆடணும்னு எனக்கும் ஆசதான். நீங்க படிச்சவங்க. நீங்க என்ன செஞ்சாலும் சரிங்க."

'நீங்க என்ன செஞ்சாலும் சரி' என்று என்னைப் போன்ற ஒருவனிடம் சொல்லவே கூடாது.

இறங்கி வரும் வழியில் தோட்டத்துப் பள்ளி மாஸ்டர் வீட்டில் நுழைந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கடிதம் வாங்கினேன். மூத்தவன் இறந்தது, இளையவன் பிறந்த வருடம், அவனுக்கும் அதே பெயர் வைத்தது எல்லாவற்றையும் அவர் சந்தோசமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தேன். அந்தக் கடிதத்தை மேசையில் காட்டினால் செல்வராஜ் ஆடுவான், கப்பு எங்களுக்கு, என் கையெழுத்தும் பொய்யில்லை என்றாகும். ஆனால் கடிதம் கச்சேரிக்குப் போகும், அங்கே அந்த இரண்டு பதிவும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். சான்றிதழைக் காட்டினாலோ வயது கூடியவன் என்று கல்லூரியையே தள்ளி வைப்பார்கள். இரண்டையும் காட்டாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. அவன் ஆடக் கூடாது.

காரணமில்லாமல் அவனை நிறுத்தினால் ஆயிரம் பேர் தோண்டுவார்கள். ஆகவே திங்கட்கிழமை அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். வலது கையின் நடுவிரலில் பஞ்சு வைத்துத் துணியைச் சுற்றிக் கட்டினேன்.

"விரல் சுளுக்குன்னு சொல்லு. பைனல் முடியிற வரைக்கும் அவிழ்க்காத."

"ஏன் சேர்?"

"என்கிட்ட காரணம் கேக்காத செல்வராஜ்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் தலையாட்டினான். நான் சொன்னால் கூரையை இடித்துக்கொண்டும் குதிக்கிற பையன் அவன்.

அன்று மாலை திருத்திய அணிப் பட்டியலோடு அதிபரிடம் போனேன். காரணத்தை எழுதித் தரச் சொன்னார். அங்கேயே நின்று எழுதினேன். அடிமட்டம் இறங்கியது, மறுபடி மேலே போனது, 'விரலில் சுளுக்கு' என்ற வரியில் நின்றது.

"இண்டைக்குப் பின்னேரம் மணி அடிச்சது ஆர்?" என்று கேட்டார்.

மணி அடிக்கும் முறை அந்தக் கிழமை செல்வராஜுடையது. "செல்வராஜ், சேர்."

"எந்தக் கையால?"

நான் அடிமட்டத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பார்த்த வரையில் அவர் அதைத் துடைத்து முடிக்க அவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"சரி. இதில ஒப்பம் வையும்" என்றார். வைத்தேன். கடிதத்தைத் தாள்கள் கோக்கும் கோவையில் போட்டு மூடினார்.

நுவரெலியாவில் அன்று காலையிலிருந்தே பனிமூட்டம். மறுபக்கக் கோடு சில நேரம் தெரியும், சில நேரம் மறையும். கண்டிப் பக்கக் கல்லூரி ஒன்றுதான் எதிரணி. அவர்களுடைய பயிற்றுநர் சிங்களவர், என் நல்ல நண்பர், அவரும் என்னைப் போலவே போட்டி நாளில் சாப்பிடாதவர். எங்கள் சனம் லொறிகளில் வந்திறங்கியிருந்தது. செல்வராஜ் விரலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்ததும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. மூங்கில் கம்பால் வலையை அளந்தேன். சரியாக இருந்தது, மறுபடி அளந்தேன்.

முதல் செட் போனது. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவது போனது. நான்காவதில் பையன்கள் எங்கிருந்துதான் அந்த உயிரைக் கொண்டுவந்தார்களோ தெரியாது, பிடுங்கி எடுத்தார்கள். ஐந்தாவது செட். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எங்களில் அடிக்கிறவன் கால் பிடித்துக்கொண்டு நொண்டினான். நான் ஓய்வு கேட்டேன். கூட்டம் "செல்வராஜ், செல்வராஜ்" என்று கத்தியது.

மேசையிலிருந்த அதிகாரி நல்லெண்ணத்தில்தான் என்னைக் கூப்பிட்டார். "மாஸ்டர், பட்டியல்ல ஒரு இடம் இன்னும் காலியா இருக்கு. விரல் பரவாயில்லன்னா கடதாசியக் காட்டுங்க, இப்பவே பேர எழுதுறேன்." பேனாவைத் திறந்தும் வைத்துவிட்டார்.

கை கோட்டுப் பைக்குப் போனது. கடிதம் விரலில் தட்டுப்பட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், அதைப் பாதி வெளியே எடுத்துவிட்டேன். ஒரு கடிதம்தானே, கச்சேரியில் யார் இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள், ஒரு மாதம்தானே என்று மனம் சொன்னது. அந்த நேரத்தில்தான் முத்துக்கருப்பனைக் கண்டேன். கூட்டத்தின் முன்வரிசையில், தலையில் மழைக்குப் போடும் சாக்குக் கொங்காணியோடு நின்றார். அவர் மகனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தை உள்ளே தள்ளினேன்.

திரும்பினால், செல்வராஜ் என் முன்னால் நிற்கிறான். கட்டு அவிழ்ந்து கீழே கிடக்கிறது. "போதும் சேர். இப்ப எறக்குங்க. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல." நடுவிரலை மடக்கி நீட்டிக் காட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். எதிரணிப் பயிற்றுநர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயோ மாஸ்டர், லமயாகே எங்கில்ல ஹொந்தய்னே!" என்றார். பையனின் விரல் நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்த மனிதர் எனக்காகச் சந்தோசப்பட்டுச் சொன்னார்.

நான் அப்போது சொன்ன வார்த்தையை மன்னிக்கும்படி பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் முழந்தாளிட்டிருக்கிறேன். ஊரே கேட்கும்படி சொன்னேன்: "விரல் எப்படி இருந்தா என்ன? நான் இவனை எறக்கமாட்டேன். எனக்கு இவன் வேணாம். போய் உக்காரு!"

அவன் உட்காரவில்லை. மைதானத்தை விட்டே வெளியே நடந்தான். பனிக்குள் அவன் முதுகு மறைந்தது. நான் வலையின் முடிச்சுகளை எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை நிற்கவில்லை, தப்பிக்கொண்டே போனது. பதின்மூன்றுக்குப் பதினைந்து என்று தோற்றோம். ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அந்தக் கடிதத்தை அடுப்புக்குள் போட்டேன். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். எதிரணியிடம் ஏதோ வாங்கிவிட்டேன் என்றார்கள். சாதி பார்த்தேன் என்றார்கள். வேதக்காரன், அம்மன் கோயில் பிள்ளையை உயர விடுவானா என்றார்கள். பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் காறித் துப்பினார்கள். பழைய மாணவர்கள் கூட்டம் போட்டு என்னை நீக்கச் சொன்னார்கள். அதிபர் கூப்பிட்டார். மேசையில் என் கடிதம் கிடந்தது. இந்தத் தரம் அடிமட்டத்தை அவர் எடுக்கவே இல்லை.

"நான் உம்மைக் கேக்கேல்லை" என்றார். "கேட்டா நீர் சொல்ல வேண்டி வரும். சொன்னா நான் எழுத வேண்டி வரும். எழுதினா அது கடதாசி. விளங்குதே?"

"விளங்குது சேர்."

"வலைக் கம்பையும் பந்துகளையும் மற்ற மாஸ்டரிட்டக் குடும். பூமிசாத்திரம் உம்மட்டையே இருக்கட்டும்."

அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. எழுதாமல் விட்ட ஒரு விசயத்தை அவர் வாழ்க்கையில் நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

அடுத்த மாதம் விசாரணை நடந்த நாளில் வகுப்பில் நான் என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது. இந்து சமுத்திரத்தை வரைபடத்தில் தேடினேன் என்று பிள்ளைகள் பிறகு சிரித்தார்கள். சாயந்தரம் முத்துக்கருப்பன் கல்லூரி வாசலில் நின்றார். பக்கத்தில் போகப் பயந்து, தூரத்திலிருந்தே அவர் முகத்தைப் பார்த்தேன். விசாரித்த ஐயா பிள்ளைகளின் பெயர்களை வாசித்தாராம், செல்வராஜ் என்றதும் நிமிர்ந்து பார்த்தாராம். "எங்க உசிரு நின்னுபோச்சு மாஸ்டர். 'இந்தப் பையன்தானே பைனல்ல ஆடாதவன்?'னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். 'பாவம்'னு சொல்லிட்டு அடுத்த பேர வாசிச்சாங்க." சில மாதங்களில் குடும்பம் முழுவதற்கும் பிரஜாவுரிமை வந்தது. அவர் என் காலில் விழப் போனார். நான் பிடித்துத் தூக்கினேன், இரண்டு பேரும் அழுதோம்.

செல்வராஜ் மட்டும் என்னோடு பேசவில்லை. அவன் வகுப்பில் எனக்குப் பாடமும் இல்லை. எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். பரீட்சை எழுதி முடித்துச் சொல்லாமல் போய்விட்டான். பந்தைத் தொடுவதே இல்லை என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. காப்பாற்றினேனா, கெடுத்தேனா என்று புரண்டு புரண்டு யோசிப்பேன். அவன் தாய் கேட்டுக்கொண்டது என் வாயைக் கட்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் வகுப்பு ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தேன். புதிய மாஸ்டர் வலையை ஒரு தரம்தான் அளப்பார். அது எப்போதும் நடுவில் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும். சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பொல்பிட்டியவில் மின்சார நிலைய வேலைக்கு ஆள் எடுத்த காலம் அது. இலங்கைப் பிரஜைகளுக்குத்தான் வேலை. ஒரு மாலை பள்ளி கலைந்த பிறகு நான் வகுப்பைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. செல்வராஜ். உயர்ந்திருந்தான், மீசை வைத்திருந்தான். கையில் அந்தச் சீட்டித் துணிச் சுற்று.

என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுதான். "என்ன ஆச்சு? கச்சேரியில பாத்துட்டாங்களா?" என்று பதறினேன்.

"இல்ல சேர். வேல கெடச்சிருச்சு. விண்ணப்பத்துக்குக் கடதாசி வேணும்னேன், அப்பா எடுத்துக் குடுத்தாங்க. தேதியப் பாத்துட்டு, இது என்னோடது இல்லையேன்னு கேட்டேன்." துணிச் சுற்றை இடது கைக்கு மாற்றினான். "அம்மாவே சொன்னாங்க சேர். எல்லாத்தையும் சொன்னாங்க."

நான் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைதானத்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

செல்வராஜ் வலது கையை நீட்டினான். நடுவிரலை மட்டும் முன்னால் கொண்டுவந்தான்.

"சேர், வெரல் ஆறிருச்சு" என்றான்.

அடிபட்ட விரலைப் பார்க்கும்போது எப்போதும் செய்வதுபோல அந்தக் கணுவை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தியபடியே விடாமல் நின்றேன். என் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை.

"ஒரு செட்டு ஆடலாமா சேர்?" என்றான். "நீங்க வலைய அளங்க."